அம்மாயி வெட்டிய பாலும் பீக்கிங் அனுப்பிய அரிசியும்

என் அம்மாயிக்கு லோரி பட்டில் என்பவர் யாரென்று தெரியாது. அலபாமா மாநிலத்திலிருந்து அமெரிக்கக் காங்கிரசுக்குப் போன அந்த மனிதர் 1951 இல் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். சட்டம் அவர் பெயரிலேயே புழங்கியது. போருக்கு உதவும் சரக்குகளைத் தெரிந்தே கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு அனுப்புகிற எந்த நாட்டுக்கும் அமெரிக்க உதவி ஒரு சதமும் கிடையாது என்பது அதன் சாரம். அந்தச் சரக்குகளில் இறப்பரும் ஒன்று. அதே காலத்தில் அம்மாயி களுத்துறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, கத்தியும் வாளியுமாக மேடேறி, அந்தப் போர்ச் சரக்கை மரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடித்துக்கொண்டிருந்தார்.

வல்லரசுகள் வர்த்தகத்தை ஆயுதமாக்குவது பற்றி இப்போது நூல்கள் குவிகின்றன. ‘புவிப்பொருளாதாரம்’ என்ற சொல்லை 1990 இல் எட்வர்ட் லுட்வாக் எழுதிய கட்டுரையொன்று பிரபலமாக்கியது. பிறகு வந்தவர்கள் வலைப்பின்னல், நெருக்கிடம், தடை என்று வகைவகையாகப் பிரித்து எழுதுகிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர் அல்பேர்ட் ஹிர்ஷ்மன். பல்கலைக்கழகத்தில் சர்வதேச வர்த்தகம் படிப்பித்த காலம் முழுவதும் நான் அவரிடமிருந்துதான் தொடங்குவேன்.

1915 இல் பேர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஹிட்லர் வந்ததும் நாட்டைவிட்டு ஓடினார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்றார். 1940 இல் மார்செய் துறைமுக நகரத்தில் வேரியன் ஃபிரை என்ற அமெரிக்கருடன் சேர்ந்து, நாஜிகளிடமிருந்து தப்பி வந்த எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் எல்லை கடத்தி அனுப்பினார். பிறகு தானும் தப்பி கலிபோர்னியாவின் பேர்க்லி வளாகத்துக்குப் போய்ச்சேர்ந்து, தேசிய வல்லமையும் வெளிநாட்டு வர்த்தகத்தின் கட்டமைப்பும் பற்றி ஒரு நூல் எழுதினார். 1945 இல் வெளிவந்தது. அவ்வளவு ஓடியவர் அவ்வளவு அமைதியான நூலை எப்படி எழுதினார் என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இது. 1934 இல் ஹிட்லரின் பொருளாதார அமைச்சர் ஷாக்ட் புதிய வர்த்தகத் திட்டமொன்றைத் தொடங்கினார். அதன்பின் ஜேர்மனி பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா, யூகோஸ்லாவியா போன்ற நாடுகளின் விளைபொருட்களை உலகச் சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்கியது. யாராவது வேண்டுமென்றே கூட விலை கொடுப்பார்களா? கொடுப்பார்கள் என்றார் ஹிர்ஷ்மன். அந்த விலை வேறு எங்கும் கிடைக்காது. ஆகவே விற்பவன் வேறு எங்கும் போகமாட்டான். 1939 இல் பல்கேரியாவின் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஜேர்மனிக்குப் போனது. ஜேர்மனியின் கணக்கில் பல்கேரியா ஒரு துளி. நாளைக்கு வாங்கமாட்டோம் என்று சொன்னால் ஒருவனுக்குச் சில்லறைத் தொல்லை, மற்றவனுக்குச் சோற்றுப் பிரச்சினை. இந்த ஏற்றத்தாழ்வே அதிகாரம். ஒரு நாட்டின் வர்த்தகம் எத்தனை பேர் கையில் குவிந்திருக்கிறது என்று அளக்க அவர் அந்த நூலில் ஒரு குறியெண்ணையும் உருவாக்கினார். இன்று நிறுவனங்களின் ஏகபோகத்தை அளக்கப் பயன்படும் ஹேர்ஃபின்டால்-ஹிர்ஷ்மன் குறியெண்ணின் வேர் அதுதான்.

பல்கேரியா என்று சொன்னால் வகுப்பில் முகங்கள் வெறுமையாக இருக்கும். இறப்பர் என்றதும் பின்வாங்கிலிருந்து அவிசாவளை, கேகாலைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். எங்கள் நாட்டிடமும் ஒரு வல்லரசு கூட விலை கொடுத்து வாங்கியது. எங்களையும் அது கட்டிப்போட்டதா என்பதுதான் கேள்வி.

இறப்பர் இந்த மண்ணின் மரமல்ல. 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை கொஞ்சம். அவற்றிலும் பெரும்பங்கு, ஏறத்தாழ 2,000 கன்றுகள், கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடை பூங்காவில் நட்டார்கள். மோட்டார் கார் வந்து சில்லுக்கு இறப்பர் தேவைப்பட்ட பிறகு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் மழைக்காடுகள் இறப்பர்க் காடுகளாயின. வெட்ட ஆள் வேண்டும். கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போனார்கள். அம்மாயியின் தகப்பன் அப்படி வந்தவர்.

பால்வெட்டு கொழுந்து பறிப்பதைப்போலக் கண்ணுக்குக் குளிர்ச்சியான வேலை அல்ல. அதனால்தான் அதைப் படம் எடுத்து விளம்பரத்தில் போடுவதில்லை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும். ஆகவே இருட்டோடு வெட்டத் தொடங்க வேண்டும். பட்டையில் சரிவாக ஒரு கோடு, ஒவ்வொரு முறையும் ஓர் இழையளவு மட்டும் சீவ வேண்டும். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு முண்டு விழும், அந்த இடத்தில் பிறகு வெட்ட முடியாது, கங்காணியின் வாய்க்கும் தப்ப முடியாது. கோட்டின் அடியில் சிரட்டை. முந்நூறு மரம்போல வெட்டி முடித்து, சற்று ஆறி, திரும்ப முதல் மரத்திலிருந்து பால் சேர்த்துக்கொண்டு ஸ்டோருக்குப் போக வேண்டும். அங்கே பாலை அரித்து, அசிட் விட்டு உறையவைத்து, உருளையில் நசுக்கி, புகையறையில் தொங்கவிட்டால் ஷீட். பட்டையில் காய்ந்து ஒட்டியது ஒட்டுப்பால்; அதையும் உரித்துக் கொடுக்க வேண்டும். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பேரும், அதாவது அன்றைய கூலிப் பதிவும், இல்லை. களுத்துறையில் மழைக்குக் குறைவில்லை.

1942 இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் தரக்கூடிய பெரிய இடமாக இலங்கைதான் மிஞ்சியது. மரத்தைப் பார்க்காதே, பாலைப் பார் என்று உத்தரவு வந்தது. ஒரே மரத்தில் மேலும் கீழுமாகப் பல கோடு. ஏணி வைத்தும் வெட்டினார்கள். போர் முடிந்தபோது தோட்டங்கள் பட்டையற்ற கிழட்டு மரங்களால் நிறைந்திருந்தன. அதே 1942 இல் பர்மாவும் ஜப்பான் வசமானது. இலங்கை உண்ட அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது நின்றது, பங்கீட்டுக் கூப்பன் வந்தது. ஆக, இறப்பர் வேண்டும் என்று உலகம் கேட்பதும், அரிசி இல்லை என்று இலங்கை தவிப்பதும் ஒரே ஆண்டில் ஒன்றாகப் பிறந்தவை. பத்து ஆண்டுகள் கழித்து பீக்கிங்கில் அவை ஒரே தாளில் சந்தித்தன.

1950 ஜூனில் கொரியப் போர் வெடித்தது. இறப்பர் விலை ஏறியது. தோட்டத் துரைமார் சிரித்தார்கள். சிரிப்பு நீடிக்கவில்லை. அமெரிக்க அரசு தானே ஒரே இறக்குமதியாளராக நின்று விலையை அடக்கியது. இரண்டாம் உலகப் போரில் கட்டிய செயற்கை இறப்பர்த் தொழிற்சாலைகளையும் முடுக்கிவிட்டது. 1951 இன் பிற்பகுதியிலிருந்து இறப்பர் விலை சரிந்தது. அரிசி விலை எதிர்த்திசையில் போனது. பர்மாவும் தாய்லாந்தும் கேட்ட விலை, கேட்ட நாளில் சரக்கு இல்லை. விற்பது மலிகிறது, வாங்குவது ஏறுகிறது. நடுவில் நிற்கிற அரசு கூப்பன் அரிசிக்கு மானியமும் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு ஒதுக்கு மளமளவென்று கரைந்தது.

மறுபக்கம் சீனா. 1951 மே 18 அன்று ஐ.நா. பொதுச்சபை, சீனாவுக்குப் போர்த்தேவைச் சரக்கு அனுப்பக்கூடாதென்று தீர்மானம் நிறைவேற்றியது. பிரித்தானியாவின் ஆட்சியிலிருந்த மலாயா இறப்பரை நிறுத்தியது. லொறிக்குச் சில்லு வேண்டும், படைக்கும் வேண்டும். சீனா எங்கே வாங்கும்? இங்கே எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கை உண்டு. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பு நாடே அல்ல. பிரித்தானியப் படைத்தளம் வைத்திருக்கும் நாடு உண்மையில் சுதந்திர நாடா என்று கேட்டு, சோவியத் ஒன்றியம் அதன் விண்ணப்பத்தை வீட்டோவால் தடுத்துக்கொண்டிருந்தது. 1955 டிசம்பரில்தான் இடம் கிடைத்தது. ஆகவே அந்தத் தீர்மானம் இலங்கையைக் கட்டவில்லை. மொஸ்கோ கோபத்தில் பூட்டிய கதவு, மொஸ்கோவின் நண்பனுக்கு இறப்பர் கிடைக்க வழிவிட்டது.

கொழும்பில் இருந்ததோ சிவப்பைக் கண்டாலே முகம் சுளிக்கும் அரசாங்கம். பிரதமர் டி. எஸ். சேனநாயக்க 1952 மார்ச்சில் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். மகன் டட்லி பிரதமரானார். மே மாதத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி வென்றது. எதிர்க்கட்சி வரிசையில் இடதுசாரிகள். இந்த அரசாங்கம் நேரே சீனாவுக்கு ஓடவில்லை. முதலில் வொஷிங்டனுக்குத்தான் போனது. உணவு அமைச்சர் சேர் ஒலிவர் குணதிலக்க போய்ப் பேசினார். எங்கள் இறப்பருக்கு நியாய விலை கொடுங்கள், எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் அரிசி கொடுங்கள், சீனாவுக்கு விற்கமாட்டோம் என்பதே கோரிக்கை. சந்தை விலைக்கு மேல் இறப்பருக்குக் கொடுக்க வொஷிங்டன் ஆயத்தமில்லை. அரிசியிலும் சலுகை இல்லை. மலாயாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் ஒரு விலை, இலங்கைக்கு ஒரு விலை எப்படிக் கொடுப்பது என்பது அவர்களின் நியாயம். ஒரு சின்னத் தீவுக்கு இவ்வளவு தலையை உடைத்துக்கொள்ள அங்கே யாருக்கும் நேரமில்லை. இந்த நேரமின்மையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க பிரதமரின் உறவினர். அவர் பீக்கிங் போனார். சீன மக்கள் குடியரசை இலங்கை 1950 ஜனவரியிலேயே அங்கீகரித்திருந்தது. ஆனால் தூதரகம் கிடையாது, தூதர் கிடையாது. முதலில் அவ்வாண்டுக்கு 80,000 தொன் அரிசிக்குப் பேச்சு முடிந்தது. 1952 டிசம்பர் 18 அன்று ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு இலங்கை 50,000 தொன் ஷீட் இறப்பர் கொடுக்கும். சீனா 270,000 தொன் அரிசி கொடுக்கும். இறப்பருக்குச் சிங்கப்பூர் விலைக்கு மேலே தெளிவானதொரு கூடுதல். அரிசியோ உலகச் சந்தையைவிட மலிவு. இலங்கையின் இறப்பர் விளைச்சலில் ஏறத்தாழப் பாதி போயிற்று; அரிசி இறக்குமதியில் பாதிக்கு மேல் வந்தது. சுதந்திர இலங்கை செய்த வர்த்தகப் பேரங்களில் இதற்கு இணையாக இன்னொன்றை எனக்குக் காட்டுங்கள்.

ஆர். ஜி. பற்றி ஒரு வார்த்தை. தமிழருக்கு அவர் நண்பர் அல்லர். பிற்காலத்தில் முழுச் சிங்களத் தேசியவாதியாகவே நின்றார். 1956 தேர்தலில் தன் தம்பதெனியத் தொகுதியோடு களனியிலும் நின்று, அங்கே ஜே. ஆர். ஜயவர்தனவையும் தோற்கடித்து, ஒரே தேர்தலில் இரண்டு தொகுதி வென்றவர். ஆளைப் பிடிக்காவிட்டாலும் பேரத்தை மெச்சத்தான் வேண்டும்.

அமெரிக்கா சொன்னதைச் செய்தது. உதவி நின்றது. கந்தகமும் நின்றது. இது சின்ன விசயமாகத் தெரியும், தோட்டத்தில் அப்படியல்ல. இறப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் மாசி, பங்குனியில் சாம்பல் நோய் பிடிக்கும், தளிர் சுருண்டு கொட்டும், பால் குறையும். கந்தகத் தூளை விசிறினால் அடங்கும். வல்லரசின் கோபம் அப்படித்தான், வராமல்போன ஒரு கந்தகத்தூள் மூட்டையின் வடிவில் களுத்துறைக்கு வந்து சேர்ந்தது. நோய் மரத்துக்கு, பேர் குறைவு வெட்டுபவருக்கு.

அரசாங்கம் சிவந்துவிடவில்லை என்பதற்குச் சான்று வேண்டுமானால் பாருங்கள். சீனாவுக்குப் போகும் கப்பல்களில் கொழும்பில் இறப்பர் ஏறிக்கொண்டிருந்தபோது திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படையும் கட்டுநாயக்கவில் விமானப்படையும் அப்படியே இருந்தன. 1957 வரை இருந்தன. 1954 இல், அடுத்த பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல, வியட்நாமுக்குப் பிரெஞ்சுப் படையினரை ஏற்றிச்சென்ற அமெரிக்க குளோப்மாஸ்டர் விமானங்களைக் கட்டுநாயக்கவில் இறங்கவிட்டார். நேரு தன் வான்வெளியை மறுத்திருந்தார். சீனா ஆதரித்த ஹோ சி மின்னுக்கு எதிரான படை அது. சீனா இறப்பர் வாங்குவதை நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டு பாண்டுங் மாநாட்டில், கிழக்கு ஐரோப்பாவில் நடப்பதும் குடியேற்றவாதம்தான் என்று கொத்தலாவல பேசிச் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சங்கடப்படுத்தினார். அரிசிக் கப்பல் அப்போதும் வந்தது.

ஹிர்ஷ்மனின் பல்கேரியா இப்படியெல்லாம் நடந்திருக்குமா? நடந்திருக்காது. இலங்கைக்கு ஏன் முடிந்தது? இறப்பரில் பாதிதான் சீனாவுக்குப் போனது. நாட்டின் முதல் ஏற்றுமதியான தேயிலை லண்டனுக்கே போய்க்கொண்டிருந்தது. ஒப்பந்தத்துக்கு ஐந்தாண்டு எல்லை. விலையை ஆண்டுதோறும் பேசித் தீர்த்தார்கள். கடன் இல்லை, வட்டி இல்லை, அடகு இல்லை. இவையெல்லாம் சரி, ஆனால் இவற்றைவிட முக்கியமானதை ஹிர்ஷ்மனே பிறகு எழுதினார். 1978 இல், தன் இளவயது நூலைத் தானே குறுக்கு விசாரணை செய்யும் கட்டுரையொன்றில், வர்த்தகம் மட்டுமல்ல கவனமும் ஏற்றத்தாழ்வானது என்றார். பெரிய நாட்டுக்கு நூறு வேலை. சின்ன நாட்டின் மீது அதன் கண் எப்போதாவதுதான் விழும். சின்ன நாடோ தன் முழுப் புத்தியையும் அந்த ஒரு உறவின் மீதே வைத்திருக்கும். ஆகவே, சிக்கியவன் தப்புவதற்கான விதையும் அதே ஏற்றத்தாழ்வில் இருக்கிறது. குணதிலக்கவுக்கு வொஷிங்டனில் கிடைக்காத நேரம் இதுதான். அமெரிக்காவுக்கு அது ஐம்பது சரக்குகளில் ஒரு சரக்கு. கொழும்பு அமைச்சரவைக்கு அது அடுத்த வாரச் சோறு.

சோறு என்றால் மிகையல்ல. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த அதே 1953 இல், வரவுசெலவுத் திட்டப் பற்றாக்குறையைக் காட்டி, நிதியமைச்சர் ஜே. ஆர். கூப்பன் அரிசியை ஒரு கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக்கினார். ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடு நின்றது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலுக்குப் போய்க் கூடியது. ஒக்டோபரில் டட்லி பதவி விலகினார். சீன அரிசி மட்டும் வராதிருந்தால் அந்த ஆண்டு இன்னும் எவ்வளவு மோசமாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

கூடுதல் விலை என்றும் நிலைக்கவில்லை. 1956 இல் மலாயா மீண்டும் சீனாவுக்கு இறப்பர் விற்கத் தொடங்கியது. விற்க ஆள் கிடைத்த பின் சீனா ஏன் கூடக் கொடுக்கும்? 1956 தேர்தலில் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க அரசாங்கம் 1957 இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது மேல்விலை போய்விட்டது. பதிலாக, ஐந்தாண்டுகளில் 7.5 கோடி ரூபாய் நன்கொடை, இறப்பர் மறுநடுகைக்கு. போர்க்காலத்தில் கொன்ற மரங்களைப் பிடுங்கி, பிபி 86 போன்ற ஒட்டுக்கன்றுகள் நட்டார்கள். நேச நாடுகள் கொன்ற மரத்துக்குச் சீனா மாற்று மரம் கொடுத்தது என்று சொன்னால் கொஞ்சம் நாடகமாகத்தான் இருக்கும், ஆனால் பொய்யல்ல. அதே காலத்தில் சீனா ஹைனான் தீவில் தன் சொந்த இறப்பரையும் நட்டுக்கொண்டிருந்தது. இன்னொருவனை நம்பி எவ்வளவு நாள் என்று அவர்களும் யோசித்திருப்பார்கள் அல்லவா?

அமெரிக்கா 1956 இலேயே உதவியைத் திரும்பத் தொடங்கிவிட்டது. சட்டம் மாறவில்லை, இலங்கையும் இறப்பர் விற்பதை நிறுத்தவில்லை, விதிவிலக்குக் கண்டுபிடித்தார்கள். பிறகும் பாடம் படித்ததாகத் தெரியவில்லை. எண்ணெய்க் கம்பனிகளின் சொத்தை இலங்கை எடுத்துக்கொண்டபோது 1963 பெப்ரவரியில் மறுபடி உதவியை வெட்டியது. ஹிக்கன்லூப்பர் என்ற செனட்டரின் பெயரிலான அந்தச் சட்டத்திருத்தம் முதன்முதலில் பாய்ந்த நாடு இலங்கைதான். பட்டில், ஹிக்கன்லூப்பர் என்ற இரண்டு அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் பெயரைத் தேர்வுத்தாளில் எழுதவேண்டிய தலைவிதி எங்கள் பிள்ளைகளுக்கு வாய்த்தது இப்படித்தான். ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு, அரசாங்கங்கள் மாறி மாறி வந்தும், 1982 வரை ஓடியது.

இவ்வளவும் அரசுகளின் கதை. புவிப்பொருளாதார ஆய்வாளர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். அவர்களின் வரைபடத்தில் இலங்கை ஒரு புள்ளி. புள்ளிக்குள் யார் யார் என்று பார்ப்பதில்லை. ஹிர்ஷ்மனும் அதில் விதிவிலக்கல்ல.

அம்மாயி ஒப்பந்தத்தின் இரண்டு முனையிலும் நின்றவர். வெட்டிய பால் சீனாவுக்குப் போனது. தோட்டத்து ஸ்டோரில் நிறுத்துப் போட்ட அரிசியில் சீன அரிசியும் இருந்தது. அரிசியின் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்த மேல்விலை? அரசு இறப்பரை வாங்கிச் சீனாவுக்கு விற்றது. லாபம் அரசுக் கணக்கிலும் தோட்டக் கணக்கிலும் ஏறியது. பெரிய தோட்டங்களில் பல லண்டன் கம்பனிகளுடையவை. ஆக, மா சே துங் கொடுத்த காசில் ஒரு பங்கு லண்டன் பங்குதாரருக்கும் போயிருக்கும். கீழ்நாட்டுச் சிறுதோட்டச் சிங்கள விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தது. கிடைக்கத்தான் வேண்டும், அவருக்கு வாக்கு இருந்தது. பால்வெட்டுபவரின் நாட்கூலி சம்பளச் சபை நிர்ணயித்தது. சிங்கப்பூர் விலைக்கும் பீக்கிங் விலைக்கும் இடையிலான வித்தியாசம் அந்தக் கூலிப் பட்டியலில் ஏறியதாக அம்மாயி ஒருநாளும் சொன்னதில்லை.

அவருக்கு வாக்கு இல்லை. 1948 இன் குடியுரிமைச் சட்டமும் தொடர்ந்து வந்த சட்டங்களும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றோராக்கி, வாக்காளர் பட்டியலிலிருந்தும் நீக்கின. 1952 மே தேர்தலில், ஆர். ஜி. சேனநாயக்க அமைச்சரான அதே தேர்தலில், தோட்டத்து மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். இந்தப் பறிப்பை எதிர்த்து, அதற்கு முந்திய மாதம் தோட்டத் தொழிலாளரின் அமைப்பான இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் தொடங்கியிருந்தது; மாதக்கணக்கில் நடந்தது. நாட்டுக்கு அரிசி வாங்கிக்கொடுத்த சரக்கை வடித்தவர்களில் ஒரு பெரும் பகுதிக்கு அந்த நாடு கிடையாது. 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் வேறொரு ஒப்பந்தம் செய்தார்கள். அதில் பண்டம் மனிதர்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று பங்கு பிரித்தார்கள். அம்மாயியின் தங்கை குடும்பம் அந்தக் கணக்கில் மண்டபம் முகாமுக்குக் கப்பலேறியது. இந்த ஒப்பந்தத்துக்காக யாரும் அவர்களிடம் விலை பேசவில்லை.

கொழும்பில் விழா எடுக்கும்போதெல்லாம் இருநாட்டுத் தூதுவர்களும் இறப்பர்-அரிசி ஒப்பந்தத்தை நட்பின் மூலக்கல் என்பார்கள். 2022 இல், நாடு ஏப்ரலில் கடன் கட்ட முடியாதென்று கையை விரித்த ஆண்டில், பாடசாலைப் பிள்ளைகளின் மதியச் சோற்றுக்குச் சீனா அரிசி அனுப்பியபோதும் அந்தப் பழங்கதை வந்தது. எனக்கு அந்த ஒப்பீடு ஒத்துவரவில்லை. 1952 இல் நாங்கள் விற்றதற்கு வாங்கினோம். 2022 இல் கைநீட்டினோம். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017 இல் ஒரு சீனக் கம்பனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு 112 கோடி டொலருக்குக் கொடுத்தது கடனைச் சுமந்து தள்ளாடியபோது. அந்தக் கடனில் சீனாவைவிடச் சர்வதேசப் பிணைமுறிக்காரரின் பங்கு பெரிது என்பதையும் சொல்லவேண்டும். எல்லாப் பழியையும் பீக்கிங்கில் போடுவது வசதியான பொய். சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசியவர்களின் பெயரை, கடன் பத்திரம் எழுதியவர்கள் கடன் வாங்கிக்கொள்ளக்கூடாது.

இந்தத் துறையில் ஆய்வு செய்ய வருகிற இளையவர்களிடம் ஒரு கோரிக்கை. வொஷிங்டன் ஆவணங்களைப் பலர் படித்துவிட்டார்கள்; கொழும்பிலும் பீக்கிங்கிலும் உள்ளவற்றையும் படிப்பார்கள். களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களின் பழைய செக்ரோல் புத்தகங்களை யாரும் தேடுவதாகத் தெரியவில்லை. 1952 முதல் 1957 வரை பால்வெட்டியவரின் நாட்கூலி என்ன, பேர் எத்தனை, அரிசிக்குப் பிடித்தது எவ்வளவு என்பதெல்லாம் அவற்றில்தான் இருக்கும். கைமாறிய தோட்டங்களில் அந்தப் புத்தகங்கள் பழங்கடதாசிக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் தோட்டத்து அலுவலகத்தில் ஒரு கட்டு கிடந்தால் எறியவிடாதீர்கள். பக்கத்திலுள்ள பல்கலைக்கழக நூலகத்துக்கு எடுத்துக் கொடுங்கள்.